அப்பா ஏன் பஸ் ஏற மறுக்கிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், காரைக்குடியில் அம்மாவுடன் இருக்கிறார். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வருடமாக இரவில் நான்கைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறார். போனால் திரும்பி வர வெகுநேரம் ஆகிறது. கேட்டால், "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார். முன்பெல்லாம் கல்யாணம், காதுகுத்து என்று ஒன்று விடாமல் போவார். இப்போது மதுரையில் இருக்கும் என் வீட்டுக்குக்கூட பஸ்ஸில் வர மறுக்கிறார். போன மாதம் கட்டாயப்படுத்தி ஸ்கேன் எடுத்தோம். "புராஸ்டேட் வீக்கம், கிரேடு 2" என்று போட்டிருக்கிறார்கள். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 5.2. டாக்டர் டாம்சுலோசின் மாத்திரை எழுதினார், அப்பா இன்னும் ஆரம்பிக்கவில்லை. நெருஞ்சிமுள் கஷாயம் போதும் என்கிறார். கிரேடு 2 என்றால் இரண்டாம் கட்டப் புற்றுநோயா என்று கேட்டு அம்மா அழுகிறார். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா? அடுத்த மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கும் நாள் குறித்திருக்கிறோம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: முதலில் அம்மாவின் அழுகையை நிறுத்துங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் கிரேடு என்பது சுரப்பி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதற்கான கணக்கு. புற்றுநோயின் கட்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் அறைக்கு வரும் குடும்பங்களில் பாதி இந்த ஒரு வார்த்தையைப் பார்த்துப் பயந்துதான் வருகின்றன. ஸ்கேன் சென்டர்கள் "அளவு மட்டும்" என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துப் போட்டால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். புற்றுநோய் பற்றிய கேள்வி தனி. அதற்குப் பி.எஸ்.ஏ.யைப் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ஸ்கேன் இல்லை, பஸ் விஷயம்தான். புராஸ்டேட் தொல்லை இருக்கும் பெரியவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். "ஒன்றுமில்லை டாக்டர், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்று உட்காருவார்கள். கூட வந்த அம்மா பின்னாலிருந்து, "ராத்திரி அவரும் தூங்கறதில்லை, என்னையும் தூங்க விடறதில்லை" என்று ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதனால் அவர் சொல்லுவார் என்று காத்திருக்காமல், அவருடைய பழக்கங்கள் எங்கே மாறியிருக்கின்றன என்று பாருங்கள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாத்ரூம் எங்கே என்று விசாரிப்பது. முன்வரிசையில் உட்கார்ந்தவர் இப்போது வாசல் ஓரமாக நாற்காலி போட்டுக்கொள்வது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வெளியே கிளம்பும்போது, செருப்பு மாட்டிய பிறகும், "ஒரு நிமிஷம்" என்று திரும்பிப் போவது. வெள்ளை வேட்டிக்காரர் திடீரென்று கலர் கைலிக்கு மாறுவது, ஏனென்றால் போய்விட்டு வந்த பிறகும் நாலு சொட்டு விழுந்து வெள்ளையில் தெரிகிறது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பது, தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் நீர் பிரிய ஆரம்பிக்கிறது என்பதால். இந்தக் குழாய்ச் சத்தத்தை நான் எப்போதும் தனியாகக் கேட்பேன். "ஆமா, தொட்டி நிறைஞ்சு வழியற வரைக்கும் திறந்து விட்டிருப்பார்" என்று வீட்டம்மா சொன்னால், அடைப்பு இருக்கும் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வேன். இரண்டு மணி நேர பஸ் பயணத்தைத் தவிர்ப்பதும் இந்த வரிசையில் வருவதுதான். டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு வாத்தியாருக்கு வாய் வராது.

"வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அப்பா சொல்வதில் பாதி உண்மை. புராஸ்டேட், ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்கு நேர் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. விந்துவில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. நாற்பதைத் தாண்டியபின் அதன் உட்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், 60 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 85 வயதில் பத்தில் ஒன்பது பேருக்கும் இந்த வளர்ச்சி தெரியும். ஆக வளர்ச்சி எல்லோருக்கும் பொது. ஆனால் வளர்ந்த எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை, வந்த தொல்லையைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அப்பா பிசகுவது அங்கேதான்.

இன்னொன்று. சுரப்பியின் அளவுக்கும் தொல்லையின் அளவுக்கும் நேர்க் கணக்கு கிடையாது. 100 கிராம் சுரப்பியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 30 கிராமிலேயே நீர் அடைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வருபவர்களும் உண்டு. குழாயை உள்பக்கமாக எவ்வளவு நெருக்குகிறது, மூத்திரப்பையின் கழுத்துக்குள் எவ்வளவு துருத்துகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. ஆகவே கிரேடு எண்ணை வைத்து யாரும் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதில்லை, குறிக்கவும் கூடாது.

அறிகுறிகளில் இரண்டு வகை. ஒன்று, வழி நெருக்கப்படுவதால் வருவது: நின்று காத்திருந்த பிறகே ஆரம்பிப்பது, தாரை மெலிந்து காலடியிலேயே விழுவது, விட்டு விட்டு வருவது, முக்க வேண்டியிருப்பது, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றி பத்து நிமிடத்தில் மறுபடி போவது. மற்றொன்று மூத்திரப்பையின் தொல்லை. நெருக்கலுக்கு எதிராகத் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடித்துப்போகிறது. தடித்த பிறகு அது பொறுமை இழந்து, கொஞ்சம் நீர் சேர்ந்தாலே சுருங்கப் பார்க்கும். அடிக்கடி போக வேண்டியிருப்பது, வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது, பாத்ரூம் வாசலிலேயே சிந்திவிடுவது, இரவில் பலமுறை எழுவது எல்லாம் இந்த வகை. குடும்பம் கவனிப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையை. சிறுநீர்ப் பாதை நிபுணரான யூராலஜி டாக்டர் அதிகம் கவலைப்படுவது முதல் வகைக்காக.

சரி, இரவில் நான்கைந்து முறை எழுகிறார். பழி முழுவதையும் புராஸ்டேட் மேலேயே போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் கொதிப்பும் இருக்கின்றன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நீர் அதிகம் போகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான், கூடவே நீரும் போகும். கொதிப்புக்குத் தரும் மாத்திரைகளில் நீரைப் பிரித்து வெளியேற்றும் வகை ஒன்று உண்டு. அதைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க நடைதான். அம்லோடிபின் என்ற இன்னொரு கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கால் வீங்கும். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் ரத்தத்துக்குத் திரும்பி இரவில் சிறுநீராக வரும். பலமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்களுக்கும் இரவில் நீர் அதிகம் சுரக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்க விலை உயர்ந்த பரிசோதனை எதுவும் தேவையில்லை. மில்லி லிட்டர் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக்கும் பழைய டைரியும் போதும். மூன்று நாள், ஒவ்வொரு முறையும் மக்கில் பிடித்து, நேரத்தையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள். எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்பதையும் குறிக்க வேண்டும். முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதியவர், கோடு கிழித்துக் கட்டம் போட்டு அழகாக எழுதிவிடுவார். எனக்கு இப்படி டைரி கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும்தான் முதலிடம். இரவு எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லி என்று சின்னச் சின்ன அளவாக இருந்தால், மூத்திரப்பையோ புராஸ்டேட்டோ காரணம். ஒவ்வொரு முறையும் 300, 400 என்று பெரிய அளவாக வந்தால், உடம்பு இரவில் அதிகம் சுரக்கிறது என்று அர்த்தம். நாள் முழுவதும் போகும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவுத் தூக்க நேரத்தில் வந்தால், அவருக்குப் புராஸ்டேட் மாத்திரை எத்தனை கொடுத்தாலும் தூக்கம் திரும்பாது. மாத்திரை நேரத்தை மாற்றுவது, சர்க்கரையைச் சரிசெய்வது, சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பது என்று வேறு வழியில்தான் போக வேண்டும்.

அதோடு, தொல்லை எவ்வளவு என்று அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, எட்டிலிருந்து 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. கடைசியில் மதிப்பெண்ணில் சேராத எட்டாவது கேள்வி ஒன்று உண்டு. மிச்ச வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது அது. மற்ற ஏழையும் சமாளித்துப் பதில் சொல்பவர்கள் இங்கே வந்ததும் கொஞ்சம் மௌனமாகிவிடுவார்கள். என்னைக் கேட்டால் வைத்தியத்தைத் தீர்மானிப்பதில் பாதி இந்தக் கேள்வியிடம்தான் இருக்கிறது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி ஐந்து முறை எழுந்து வீட்டையே எழுப்புபவரைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அவர் எப்படியும் டாக்டரிடம் வந்துவிடுவார், அல்லது இழுத்து வரப்படுவார். பயம், சத்தமில்லாமல் இருப்பவரைப் பற்றித்தான். சிலருக்கு நீர் முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தங்க ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் மூத்திரப்பை விரிந்துகொண்டே போகும். மெதுவாக விரிவதால் வலி இருக்காது. சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பின் உணர்வும் மழுங்கியிருக்கும் என்பதால் நிறைந்திருப்பதே தெரியாது. கடைசியில் நிறைந்து வழிவதுபோல, தூக்கத்தில் தன்னையறியாமல் படுக்கை நனையும். வீட்டில் இதை "வயசாயிடுச்சு, குழந்தை மாதிரி ஆயிட்டார்" என்று எடுத்துக்கொண்டு ரப்பர் ஷீட் வாங்கிப் போடுகிறார்கள். வயதானவருக்குப் புதிதாகப் படுக்கை நனைந்தால், மூத்திரப்பையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. ஏனென்றால் தேங்கிய நீரின் அழுத்தம் பின்னோக்கிப் போய் இரண்டு சிறுநீரகங்களையும் வீங்க வைக்கும். பசியில்லை, வாந்தி வருகிறது, கால் வீங்குகிறது, ரத்தம் குறைவு என்று வேறு டாக்டரிடம் போய், கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறியிருப்பது தெரிந்து, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தொப்புள் வரைக்கும் கெட்டியாக நிற்கும். டியூப் போட்டதும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று வடியும். பலருக்கு அதன்பின் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. தாமதித்து வந்தவர்களுக்கு முழுதாக மீள்வதில்லை.

ஆகவே அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், படுக்கை எப்போதாவது நனைகிறதா என்று. உங்களிடம் அப்பா சொல்ல மாட்டார், அம்மாவுக்குத் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, நீர் கழித்த பிறகு உள்ளே தங்கும் அளவு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா, சிறுநீரகங்களில் வீக்கம் உண்டா என்று பாருங்கள். கிரேடு எண்ணைவிட இந்த இரண்டு வரிகளும் முக்கியம். தங்கும் அளவு 50 மில்லிக்குள் இருந்தால் நல்லது. நூறு, நூற்றைம்பதுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். முந்நூறைத் தாண்டினால் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, வயிறு வெடிக்கும் நிலையில் படம் எடுப்பார்கள். பிறகு "சீக்கிரம் போயிட்டு வாங்க, அடுத்த ஆள் காத்திருக்கார்" என்பார்கள். அந்த அவசரத்தில் யாருக்குமே முழுதாகப் போகாது. அப்படி எடுத்த அளவு அதிகமாக இருந்தால் நம்பிப் பயப்பட வேண்டாம். சாதாரணமாக முட்டும்போது நிதானமாகப் போய்விட்டு வந்து இன்னொரு முறை பார்த்தால் போதும். யூராலஜி டாக்டரிடம் நீரின் வேகத்தை அளக்கும் சிறிய கருவி இருக்கும், அதில் போகச் சொல்வார். 150 மில்லிக்கு மேல் போயிருந்து, உச்ச வேகம் விநாடிக்கு 15 மில்லியைத் தாண்டினால் பெரும்பாலும் அடைப்பில்லை. பத்துக்குக் கீழே என்றால் அடைப்பைச் சந்தேகிப்போம், அல்லது மூத்திரப்பையே தள்ளும் பலத்தை இழந்திருக்கலாம்.

திடீரென்று சுத்தமாக அடைத்துக்கொள்வது வேறு. அதில் சத்தமில்லாமல் இருக்க முடியாது, வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு துடிப்பார்கள். பலருக்கு அதைத் தூண்டிவிடுவது ஒரு சின்ன விஷயமாக இருக்கும். சளி பிடித்திருக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஜலதோஷ மாத்திரை அவற்றில் முதலாவது. அதில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் மூத்திரப்பையைச் சோம்ப வைக்கும், ஃபினைலெஃப்ரின் மூத்திரப்பையின் கழுத்தை இறுக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். அப்பாவுக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்கட்டும், அந்த மாத்திரை வேண்டாம். நான்கு நாள் மலச்சிக்கல், மது, நீண்ட பயணத்தில் அடக்கி வைப்பது, வேறு ஏதாவது ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுப்பது, இவையும் அடைக்க வைக்கும். அடைத்துக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டும், தண்ணீர் குடித்தால் போகும் என்று மேலும் மேலும் குடித்துக்கொண்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எந்த அவசரப் பிரிவிலும் டியூப் போட்டு நீரை வடித்துவிடுவார்கள், அதற்கு யூராலஜி டாக்டர் வர வேண்டும் என்பதில்லை. சிறுநீரில் ரத்தம் கண்டாலும், குளிர்க் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பி.எஸ்.ஏ. 5.2 பற்றி. வழக்கமாக 4 வரை இயல்பு என்பார்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 6.5 வரைகூட ஏற்கலாம் என்று வயதுவாரியான ஒரு கணக்கும் உண்டு. பி.எஸ்.ஏ. என்பது ஒரு புரதம், அதைச் சுரப்பது புராஸ்டேட்தான். சுரப்பி பெரிதாக இருந்தால் பி.எஸ்.ஏ.யும் ஏறும். நீர்த்தொற்று இருந்தாலும், டியூப் போட்டிருந்தாலும் ஏறும். ஆகவே 5.2 என்பது புற்றுநோய்ச் செய்தி இல்லை, அலட்சியப்படுத்தும் எண்ணும் இல்லை. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைச் சரிசெய்து, ஆறு வாரமாவது கழித்து மறுபடி எடுப்பார்கள். ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வழவழப்பாக, மீள்தன்மையோடு இருந்தால் பெரும்பாலும் சாதாரண வீக்கம். கல்போல் கெட்டியாகவோ முடிச்சாகவோ தட்டுப்பட்டால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை. இந்த விரல் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று செய்தால் அப்பா மறுமுறை ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார். உங்கள் கணவரோ, அண்ணன் தம்பி யாராவதோ வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லி அழைத்து வரட்டும். டாக்டர் அறையில் ஐந்து நிமிடம் அவரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் எல்லோரும் வெளியே இருங்கள். மகள் முன்னால் வராத பேச்சு அப்போது வரும்.

சாதாரண வீக்கம் புற்றுநோயாக மாறுமா என்றும் அம்மா கேட்பார். மாறாது. வீக்கம் சுரப்பியின் உட்பகுதியில் வருவது, புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில் தொடங்குவது. அதனாலேயே ஆரம்பகாலப் புற்றுநோயில் நீர் போவதில் தொல்லை பெரும்பாலும் இருக்காது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால்தான் பி.எஸ்.ஏ.யும் விரலும்.

நெருஞ்சிமுள்ளுக்கு வருவோம். அப்பாவோடு சண்டை போடாதீர்கள். நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நெருஞ்சியையும் சிறுபீளையையும் வாழைத்தண்டையும் கொடுத்துவந்த ஊர் நம்முடையது, எனக்கும் வெயில் காலத்தில் வாழைத்தண்டு மோர் பிடிக்கும். ஆனால் இவையெல்லாம் நீரைப் பெருக்கப் பார்ப்பவை. வழி குறுகியிருக்கும்போது வரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று அப்பாவிடமே கேளுங்கள். அதுவும் படுக்கப்போகும்போது ஒரு சொம்பு கஷாயம் குடித்தால் ஐந்து முறை ஏழு முறையாகும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இளநீர்கூட ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். கிரியேட்டினின் பார்க்காமல் எதையும் சொம்பு கணக்கில் குடிக்க வேண்டாம். அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் தப்பு. நீர் கெட்டிப்பட்டுக் கடுப்பு வரும், மலச்சிக்கல் வரும், அது இன்னும் அடைக்கும். பகலில் வழக்கம்போல் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குறைத்தால் போதும். சாயங்காலக் காபியை விட முடிந்தால் விடட்டும். ஒருமுறை போனதும் உடனே வெளியே வராமல், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முயற்சி செய்யட்டும். நின்று போவதைவிட உட்கார்ந்து போனால் சிலருக்கு இன்னும் நன்றாகக் காலியாகிறது. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இந்த நோயில் இடுப்பெலும்பு உடைவது பாதி ராத்திரியில் ஈரத் தரையில்தான்.

மாத்திரைகள் இரண்டு ரகம். டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் ஆகியவை புராஸ்டேட்டிலும் மூத்திரப்பைக் கழுத்திலும் இருக்கும் தசையைத் தளர்த்துபவை. சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வித்தியாசம் தெரியும். சுரப்பியைச் சுருக்காது. கொதிப்பு மாத்திரையும் சேர்ந்திருப்பதால், ஆரம்பத்தில் எழுந்தவுடன் தலை சுற்றலாம். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு, இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழட்டும். விந்து வெளிவருவது குறையலாம், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

இரண்டாவது ரகம், ஃபினாஸ்டிரைடும் டுடாஸ்டிரைடும், சுரப்பியையே சுருக்குபவை. இவற்றுக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கதை உண்டு. கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசின் ஒரு பகுதியில், பெண் குழந்தைகள் என்று நினைத்து வளர்க்கப்பட்ட சிலர் பருவ வயதில் ஆண்களாக மாறுவதை 1970களில் ஆராய்ந்தார்கள். டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான ஒரு ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுடைய புராஸ்டேட் வயதான பிறகும் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் என்ன என்று யோசித்து வந்ததுதான் ஃபினாஸ்டிரைடு, அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. இந்த ரகம் வேலை செய்ய ஆறு மாதம் பொறுக்க வேண்டும், சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்கே பயன். ஆசையும் எழுச்சியும் சிலருக்குக் குறையலாம். முக்கியமாக, இது பி.எஸ்.ஏ.யை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். எனவே அப்பாவுக்குப் பி.எஸ்.ஏ. விவகாரம் தெளிவாகும் முன் இதை ஆரம்பிக்க வேண்டாம். பிறகு ஆரம்பித்தால், எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதை ரிப்போர்ட் ஃபைலின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

ஆபரேஷன் எல்லோருக்கும் இல்லை. டியூபை எடுத்தால் மறுபடி மறுபடி அடைப்பது, சிறுநீரகம் பாதிப்பது, மூத்திரப்பையில் கல் சேர்வது, நீர்த்தொற்றோ ரத்தமோ திரும்பத் திரும்ப வருவது, மாத்திரையால் தொல்லை அடங்காதது, இவற்றில் ஒன்று இருந்தால்தான். வயிற்றைக் கிழிப்பதில்லை. நீர் போகும் வழியாகவே கருவியை விட்டு, அடைக்கும் பகுதியைச் சுரண்டியோ லேசரால் குடைந்தோ எடுக்கிறார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்வார்கள், சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் ஏதாவது சாப்பிட்டால் முன்பே சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யூராலஜிப் பிரிவு இருக்கிறது, செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், அப்பாவுக்கு இப்போது ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை. தங்கும் நீரின் அளவும் கிரியேட்டினினும் தெரிந்த பிறகு நேரில் பார்ப்பவர் முடிவு சொல்லட்டும்.

கடைசியாக, கண். டாம்சுலோசின் தளர்த்தும் அதே வகைத் தசை கருவிழித் திரையிலும் இருக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கண்புரை ஆபரேஷனின்போது அந்தத் திரை தொய்ந்து படபடப்பதையும், கண்பாப்பா ஆபரேஷன் நடுவிலேயே சுருங்கிவிடுவதையும் 2005இல் அமெரிக்கக் கண் டாக்டர்கள் இருவர் எழுதினார்கள். முன்கூட்டித் தெரிந்தால் கண் டாக்டர் அதற்கு வேண்டிய மருந்தும் கருவியும் தயாராக வைத்துக்கொண்டு பிரச்சினையில்லாமல் முடித்துவிடுவார். தெரியாமல் உள்ளே போனால்தான் கஷ்டம். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன் நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது, முன்பு எப்போதோ சாப்பிட்டவர்களுக்குக்கூட வருகிறது. அப்பா இன்னும் முதல் மாத்திரையைப் போடவில்லை என்பது இந்த விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. நீர் தேங்கவில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்து உறுதிசெய்துகொண்டால், கண்ணை முடித்துவிட்டு மாத்திரையை ஆரம்பிக்கலாமா என்று இரண்டு டாக்டர்களையும் கேட்கலாம். தேங்கியிருந்தால் மாத்திரைக்குத்தான் முதலிடம், கண் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டு ஆரம்பித்துவிடுங்கள்.